எய்தவரைக் கேட்காத சட்டம்: மட்டக்களப்பு, திகாமடுல்ல பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்திலிருந்து ஐவரும் திகாமடுல்லவிலிருந்து எழுவருமாக நாங்கள் வாக்களித்து அனுப்பிய பன்னிருவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருக்கிறீர்கள். ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் இருக்கிறீர்கள். நான் சொல்ல வந்த விடயம் எந்தக் கட்சிக்கும் தனியே உரியதல்ல என்பதால் எல்லோருக்கும் ஒரே மடலாக எழுதுவதே முறையென்று நினைத்தேன்.

புதிய அரசியலமைப்பொன்றைக் கொண்டுவருவதாகவும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகவும் சொல்லி மக்களிடம் வாக்குக் கேட்ட அரசாங்கம் இப்போது ஆட்சியில் இருக்கிறது. அவ்விரண்டில் எது முதலில் சபைக்கு வந்தாலும் ஒரு கேள்வி உங்கள் முன் வந்தே தீரும். அரசியலமைப்பைப் பலவந்தத்தால் கவிழ்க்க முனையும் கிளர்ச்சியை ஓர் அரசியல்வாதி தூண்டினால், ஆதரித்தால், அதற்கு ஆளோ பணமோ கொடுத்தால், சட்டம் அவரை என்ன செய்ய வேண்டும்? எங்கள் நாட்டில் இதற்கு இதுவரை கொடுக்கப்பட்ட பதில் பிழையானது என்பதே என் எண்ணம். சட்டம் எண்ணத்தைத் தண்டித்தது, ஏவப்பட்டவனைத் தண்டித்தது, ஏவியவர் அதிகாரத்தில் இருந்தபோதெல்லாம் அவரை விட்டுவிட்டது.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் சட்டத்தரணி அல்லன். கிழக்கு மாகாணத்தில் பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். சிங்களத்தில் எழுதப்பட்டதைத் தமிழிலும், தமிழில் சொல்லப்பட்டதைச் சிங்களத்திலும், கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்துகொண்டு நின்றவன். ஒரு சட்டம் ஏட்டில் எப்படி இருக்கிறது என்பதையும், அது ஒரு மனிதனின் தலையில் இறங்கும்போது எப்படி இருக்கிறது என்பதையும் ஒரே மேசையருகில் நின்று பார்க்கும் வேலை அது.

தொண்ணூறுகளில் ஒரு நாள். எந்த நீதிமன்றம், எந்த வழக்கு என்பதை எழுத மாட்டேன். குற்றஞ்சாட்டப்பட்டவன் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையைச் சேர்ந்த இருபது வயதுப் பொடியன். அவனுக்கு எதிராக இருந்த ஒரே சான்று அவனுடைய குற்றஒப்புதல் வாக்குமூலம். ஏழு பக்கம், முழுவதும் சிங்களம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் கையொப்பம். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை எழுத்துக்கூட்டிப் போட்ட கையொப்பம் அது. நான் அந்த வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, கூண்டில் நின்றவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். தான் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறான் என்பது எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே விளங்கிவிட்டது. அதில் ஒரு வரி, தேர்தல் கூட்டமொன்றில் ஓர் அரசியல்வாதி பேசியதைக் கேட்டு மனம் மாறி இயக்கத்துக்கு உதவத் தொடங்கினேன் என்று இருந்தது. அப்படிப் பேசியவர் அன்று கொழும்பில், அரசாங்கம் கொடுத்த பாதுகாப்போடு இருந்தார். கேட்டதாகச் சொல்லப்பட்டவன் கூண்டில் நின்றான்.

மதிய இடைவேளையில் அவனுடைய தாய் என்னை வழிமறித்தார். விடியப்புறம் மண்டூர்த் துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகேறி, பிறகு பஸ் பிடித்து வந்தவர். கையிலிருந்த பையில் மகனுக்கு ஒரு சேட்டும், வாழையிலையில் கட்டிய சோறும் இருந்தன. “ஐயா, என்ட மகன் என்னத்த எழுதிக் குடுத்திருக்கான் எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க” என்று கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வழக்கின் தரப்பினரோடு பேசக்கூடாது. நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனேன். அன்று அந்தத் தாய்க்குச் சொல்லாமல் விட்ட பதிலில் ஒரு பகுதியைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் சட்டத்தில் கிளர்ச்சிக்குத் தண்டனை இல்லாமலில்லை. 1883 ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் தண்டனைச் சட்டக்கோவையின் 114 ஆம் பிரிவு, அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பவரை மட்டுமன்றி அதற்கு உடந்தையாக இருப்பவரையும் மரண தண்டனை வரை கொண்டுசெல்ல இடம் தருகிறது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், பெயரளவில் தற்காலிக ஏற்பாடாக வந்து இத்தனை ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. இவற்றுக்கு மேலாக, குறிப்பாக அரசியல்வாதிகளை நோக்கி எழுதப்பட்டது அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம். 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த வீடுகளின் சாம்பல் ஆறுவதற்குள், அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று அது சட்டமாயிற்று. அது கொண்டுவந்த 157அ உறுப்புரை, இலங்கைக்குள் தனி அரசு அமைவதை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிப்பதையே தடைசெய்கிறது. ஆயுதம் ஏந்தியிருக்க வேண்டியதில்லை. எவரையும் ஏந்தச் சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை. குற்றவாளியென மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டால் ஏழு ஆண்டுகள் வரை குடியியல் உரிமை போகும்; குடும்பம் உயிர்வாழத் தேவையென்று நீதிமன்றம் விட்டுவைப்பது தவிர்ந்த அசையும் அசையாச் சொத்து போகும்; பாராளுமன்ற உறுப்பினராயின் ஆசனமும் போகும்.

அந்தத் திருத்தம் கோரிய சத்தியத்தை எடுக்க மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1977 இல் மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் சபையிலிருந்து வெளியேறியபோது, பேச்சுவார்த்தை என்ற சொல்லுக்குக் கொழும்பில் ஆளில்லாமல் போயிற்று. அவர்கள் இருந்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதை எங்கள் ஊர்களில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுதத்தை ஒழிப்பதற்கென்று வந்த சட்டம், ஆயுதம் ஏந்தாதவர்களை முதலில் அப்புறப்படுத்தியது.

அதே நாட்களில் தெற்கிலும் இதுவே நடந்தது என்பதை ஆளும் தரப்பில் இருக்கும் உறுப்பினர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்ட மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் ரோகண விஜேவீர 1977 இல் விடுதலையாகி, 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்று 273,428 வாக்குகள் பெற்றார். துப்பாக்கியிலிருந்து வாக்குச்சீட்டுக்கு வந்த ஓர் இயக்கத்தை, ஜூலைக் கலவரத்துக்குப் பொறுப்பென்று பழிசுமத்தி 1983 இல் தடைசெய்தார்கள். அதற்குப் பின் 1987 முதல் 1989 வரை தெற்கில் ஆறுகளில் மிதந்த உடல்களை இந்நாடு மறக்கவில்லை. அந்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் இன்று தேர்தலில் வென்று நாட்டின் ஜனாதிபதியாக இருக்கிறார். தடையும் ஆசனப் பறிப்பும் ஒரு கருத்தை அழித்துவிடும் என்றால் இது நடந்திருக்க முடியாது. இந்த உண்மையைத் தன் சொந்த வரலாறாகக் கொண்ட கட்சி ஆட்சியில் இருக்கும்போது 157அ திருத்தப்படாவிட்டால், வேறு எப்போது திருத்தப்படும் என்று எனக்குத் தெரியவில்லை.

உயர் நீதிமன்றம் இதில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட வழக்கில், பிரியசாத் டெப் பிரதம நீதியரசராக இருந்தபோது 2017 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று தெளிவாகச் சொன்னது. அதற்கு முன்னர் முப்பத்து நான்கு ஆண்டுகளாக, சமஷ்டி என்ற சொல்லை மேடையில் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு நல்லதுதான். ஆனால் உறுப்புரை அப்படியே இருக்கிறது.

கருத்தைக் குற்றமாக்கினால் அந்த வலை யார்மேல் விழும் என்பதற்கு வாகரையே சாட்சி. 2006 இல் போருக்கு நடுவே வாகரையில் சிக்கிய மக்களின் நிலையைப் பற்றி எழுதியமைக்காக, ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்ட் 31 அன்று 20 ஆண்டுகள் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆனால் இருபது ஆண்டு என்ற அந்த எண் எங்கள் பக்கத்துச் செய்தியாளர்களின் காதில் எவ்வளவு காலம் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

ஆயுத வன்முறைக்குத் துணைநின்ற அரசியல்வாதியை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதையும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதையும் ஒரே வாழ்நாளில் கண்ட மண்ணில் இருந்து எழுதுகிறேன். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் ஜோசப் பரராஜசிங்கம் என்ற பாராளுமன்ற உறுப்பினர் மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தோடு கைகோத்துக்கொண்டு மக்கள் மன்றத்திலும் அமரலாம் என்ற நிலை எங்களுக்கு எவ்வளவு விலையானது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சட்டம் வேண்டும். அது செயலைப் பிடிக்கும் சட்டமாக இருக்க வேண்டும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எங்கள் சட்டம் அம்பைத்தான் நொந்துகொண்டிருக்கிறது. 2018 ஒக்டோபர் 26 அன்று இரவோடிரவாகப் பிரதமர் மாற்றப்பட்டார். நவம்பர் 9 அன்று பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 அன்று ஒருமித்துத் தீர்த்தார்கள். இடையில், பெரும்பான்மையைக் காட்டும் வாக்கெடுப்பு நடந்துவிடாதபடி உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே சபாநாயகரை நோக்கியும் அவரைச் சூழ்ந்து நின்ற பொலிசார்மீதும் மிளகாய்த்தூளை வீசினார்கள். கதிரைகளைத் தூக்கி எறிந்தார்கள். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. எங்கள் மாவட்டத்து உறுப்பினர் ஒருவரும் அந்த நாட்களில் பக்கம் மாறிப் பிரதியமைச்சர் பதவி பெற்றார். அதற்காக எவருடைய ஆசனமும் பறிபோகவில்லை. கலைத்த ஜனாதிபதி பதவிக்காலத்தை முடித்து, 2020 இல் உறுப்பினராகத் திரும்பவும் அதே சபைக்கு வந்தார். 2021 ஜனவரியில், நீதிபதிகளைப் பற்றிப் பேசிய சொற்களுக்காக ரஞ்சன் ராமநாயக்கவுக்கு நான்கு ஆண்டுகள் கடூழியச் சிறை கிடைத்து ஆசனமும் போனது. சொல்லுக்கு ஆசனம் போகும். சபையையே முடக்கியதற்குப் போகாது.

2022 இல் நடந்ததும் இதே கணக்குத்தான். மே 9 அன்று பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் நடந்த கூட்டத்திலிருந்து வெளியே வந்தவர்கள் முதலில் அங்கிருந்த போராட்டக் கூடாரங்களையும், பிறகு காலிமுகத்திடலில் இருந்தவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். அன்று மாலைக்குள் பதிலடியாக நாடெங்கும் வீடுகள் எரிந்தன. அமரகீர்த்தி அத்துக்கோரள என்ற பாராளுமன்ற உறுப்பினர் நிட்டம்புவவில் கொல்லப்பட்டார். கூட்டத்தோடு தொடர்புபட்டதாகச் சொல்லப்பட்ட ஆளும் தரப்பு உறுப்பினர்கள் சிலர் சாதாரண சட்டத்தின் கீழ் கைதாகி விளக்கமறியலில் இருந்து, பிணையில் வந்து, சபையில் அமர்ந்தார்கள். சாதாரண சட்டத்தின் கீழ் கைதானது சரியானதே. எல்லோரும் அப்படித்தான் கைதாக வேண்டும். ஆனால் மாணவர் தலைவர் வசந்த முதலிகே அதே ஆண்டு ஆகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, அச்சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 2023 ஜனவரி 31 அன்று கொழும்பு நீதவான் சொல்லும் வரை உள்ளே இருந்தார்.

ஜூலை 9 அன்று போராட்டக்காரர்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்ததும் கிளர்ச்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டிடத்துக்கும் பொருளுக்கும் சேதம் விளைவித்தவரைச் சாதாரண சட்டம் விசாரிக்கட்டும். ஆனால் அரசியலமைப்பைப் பேணிக் காப்பேன் என்று சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தின் பேரில் அதிகாரமும் வாகனமும் பாதுகாப்பும் பெற்ற ஒருவர் அதையே முறிப்பதற்கும், பட்டினியில் தெருவுக்கு வந்த ஒருவர் மதில் ஏறுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சட்டம் காண வேண்டும். நான் சொல்லும் ஏற்பாடு சத்தியத்தை முறித்தவருக்கானது.

இதே அடிப்படையில் ஒரு விதி 1868 இலேயே எழுதப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்கா தன் அரசியலமைப்பில் சேர்த்த 14 ஆவது திருத்தத்தின் 3 ஆம் பிரிவு, அரசியலமைப்பை ஆதரிப்பதாகச் சத்தியம் செய்தபின் கிளர்ச்சியில் இறங்கியவர் மீண்டும் பதவி வகிக்க முடியாது என்கிறது. அத்தடையை நீக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2021 ஜனவரி 6 அன்று அவர்களுடைய பாராளுமன்றக் கட்டிடம் தாக்கப்பட்ட பின், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஓர் உள்ளூர் ஆணையாளர் அந்த விதியின் கீழ் பதவி இழந்தார். டொனால்ட் ட்ரம்ப் போட்டியிடத் தகுதியற்றவர் என்று கொலராடோ உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்த்தது. 2024 மார்ச் 4 அன்று நாட்டின் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. நாடளாவிய பதவிக்கு இவ்விதியை மாநிலங்கள் பிரயோகிக்க முடியாது என்பதே அதற்குச் சொன்ன காரணம். ட்ரம்ப் மீண்டும் பதவிக்கு வந்து, முதல் நாளே அத்தாக்குதல் தொடர்பில் வழக்குத் தொடரப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். யார் விசாரிப்பது, யார் தீர்ப்பது, எப்படி நிறைவேற்றுவது என்பதை நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெளிவாக எழுதிவைக்காத விதி, தேவைப்பட்ட நாளில் உதவவில்லை. புதிய அரசியலமைப்பை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும்.

பிரேசிலில் வேலை வேறு விதமாக நடந்தது. அங்கே தேர்தலுக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. தேர்தல் முறைமீது பொய்யாக ஐயம் எழுப்பப் பதவியைப் பயன்படுத்தினார் என்று அது 2023 ஜூனில் ஜயிர் பொல்சொனாரோவை 2030 வரை தேர்தலிலிருந்து விலக்கியது. சதிப்புரட்சி வழக்கு அதிலிருந்து வேறாக நடந்து, 2025 செப்டெம்பரில் 27 ஆண்டுகளும் 3 மாதங்களும் சிறைத்தண்டனையில் முடிந்தது. தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். படையினர் சூழ்ந்து நிற்கையிலேயே 190 உறுப்பினர்கள் சபைக்குள் வந்து சேர்ந்து, விடிவதற்கு முன் அதற்கு எதிராக ஒருமனதாக வாக்களித்தார்கள். அடுத்த ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் அவரைப் பதவி நீக்கினார்கள். மதிலேறிச் சபைக்குப் போன உறுப்பினர்களின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களவர்கள் மிளகாய்த்தூள் வீசிய படமும் என் நினைவில் இருந்தது.

நாம் செய்த பிழைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. 1962 சதிப்புரட்சி முயற்சிக்குப் பின், குற்றம் நடந்து முடிந்த பிறகு அதற்கென்றே ஒரு சட்டத்தை எழுதி, தண்டனையைக் கூட்டி, சான்றுச் சட்டத்தையும் தளர்த்தினார்கள். 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். குறிப்பிட்ட சில ஆட்களைக் குறிவைத்து எழுதப்பட்ட அச்சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று, அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1965 டிசம்பரில் எல்லாத் தீர்ப்புகளையும் தள்ளியது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது ஒரு விசேட ஆணைக்குழுவின் அறிக்கையும் சபையின் மூன்றில் இரண்டு பங்கு கைகளும்தான். அந்த வழியைத் திறக்கும் 81 ஆம் உறுப்புரை இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது. அரசியல் எதிரியின் உரிமையைக் கைகளை எண்ணிப் பறிக்கும் நாட்டில் சிறுபான்மையினர் நிம்மதியாகத் தூங்க முடியாது. கை எண்ணிக்கையில் நாங்கள் எப்போதும் குறைவு.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. 157அ உறுப்புரையிலிருந்து கருத்தையும் பேச்சையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், சத்தியம் செய்து பதவி ஏற்றவர் பலவந்தத்தாலோ பலவந்தம் பற்றிய அச்சுறுத்தலாலோ அரசியலமைப்பைக் கவிழ்க்கவும் சபையையோ நீதிமன்றத்தையோ தேர்தலையோ முடக்கவும் முனைந்தால், அல்லது அதற்கு ஆளும் பணமும் கட்டளையும் கொடுத்தால், பதவியும் தேர்தலில் நிற்கும் உரிமையும் வரையறுத்த காலத்துக்குப் போகும் என்று எழுதுங்கள். அது ஜனாதிபதிக்கும் அமைச்சருக்கும் படைத்தளபதிக்கும் உறுப்பினருக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். ஜனாதிபதிக்கு 35 ஆம் உறுப்புரை தரும் விடுபாட்டுரிமை இதற்கு மறைவாக நிற்கக்கூடாது. வழக்கைத் தொடுப்பது சட்டமா அதிபரின் விருப்பத்தில் மட்டும் தங்காமல் பிரசைக்கும் வழி இருக்கட்டும். தீர்ப்பது நீதிபதிகளாக இருக்கட்டும். ஆணைக்குழுவோ சபைப் பெரும்பான்மையோ வேண்டாம். நடந்து முடிந்ததற்குப் பின்னோக்கிப் பாயும் சட்டம் வேண்டாம். குடும்பத்தின் வீட்டையும் காணியையும் பறிக்கும் தண்டனையை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சத்தியம் முறிக்கவில்லை. பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலம் ஒன்றை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்காதீர்கள். அது ஜனாதிபதியாயினும் சரி, படுவான்கரைப் பொடியனாயினும் சரி.

நீங்கள் பன்னிருவரும் பதவியேற்ற நாளில் 157அ கோரும் சத்தியத்தில் கையொப்பமிட்டீர்கள். அரச சேவைக்கு வந்த நாளில் நானும் இட்டேன். அந்தத் தாளில் எழுதியிருப்பது எனக்கு விளங்கியது; விளங்கித்தான் இட்டேன். சட்டமூலம் வரும்போது ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை, உங்களுக்கு வாக்களித்தவர்கள் முன்கூட்டியே அறியும்படி எழுத்தில் சொல்லுங்கள். தமிழ் வாசிக்காத உறுப்பினர்களுக்காக இம்மடலின் சிங்கள மொழிபெயர்ப்பையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.